பெயர் யார் பெயரில் இருக்கிறது?

ஜூலை மழையில் பாதி நனைந்த ஒரு தபால் கார்டு, கோபர்கைரனேயில் சிட்கோ கட்டிய வரிசை வீடு ஒன்றின் கதவிடுக்கில் செருகப்பட்டிருந்தது. அனுப்பியவர் சென்னையில் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர். எழுபதைத் தாண்டியவர். நீல மை ஓரங்களில் கரைந்திருந்தாலும் விஷயம் புரிந்தது: "தங்கள் ஈ-மெயில் முகவரிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றும் திரும்பிவிட்டன. வெப்சைட்டும் திறக்கவில்லை. தொலைபேசி எண் அதில்தான் இருந்தது. நலம்தானே?"

அந்த வீட்டில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் கார்டை இரண்டு முறை படித்தார். அதுவரை எந்தக் கோளாறும் அவருக்குத் தெரியாது. பதினொரு நாட்களாக ஈ-மெயில் எதுவும் வரவில்லை என்பது மட்டும் தெரியும். மழைக்காலம், வேலை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

டெலிபோன் செத்துப்போனால் ரிசீவரை எடுத்ததும் தெரிந்துவிடும். தண்ணீர் நின்றால் குழாய் சொல்லிவிடும். ஈ-மெயில் நின்றுபோனால் எதுவும் சொல்லாது. யாரும் எழுதாத நாளும், எழுதியதெல்லாம் தொலைந்துபோன நாளும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நாற்பதுகளில் இருக்கும் அவர் தமிழில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி மாதுங்காவுக்கு வந்து, வாடகை கட்டுப்படியாகாமல் நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தவர். மராத்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள், வங்கிப் படிவம், எப்போதாவது ஒரு நாவல். சென்னை ஆசிரியர் எழுதியது நாவலைப் பற்றி. முன்னூறு பக்க மராத்தி நாவல். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மருந்துத் தாள்களைத் தரும் ஏஜென்சியும் இதே முகவரிக்குத்தான் எழுதும். வீட்டுக் கடன் தவணை அந்த வருமானத்தில்தான் போகிறது.

பதிப்பகங்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் தேவையில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, அவர் சென்னைக்குப் பேசினார். "கடையை மூடிட்டீங்களோன்னு நினைச்சேம்மா" என்றார் ஆசிரியர். "முகவரி சரியானதும் சொல்லுங்க, மறுபடி அனுப்புறேன். ஆனா மாசக் கடைசி மாறாது."

அடுத்த போன் செம்பூரில் இருக்கும் அக்கா மகனுக்கு. ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்பவன். "சித்தி, எதையும் தொடாதீங்க. பாஸ்வேர்டை மாத்தாதீங்க. சாயங்காலம் வர்றேன்" என்றான். வாஷியில் ரயில் மாறி, குடை இருந்தும் தொப்பலாக நனைந்து அவன் வந்து சேர்ந்தபோது மணி எட்டு.

வந்தவன் உடனே கம்ப்யூட்டர் முன் உட்காரவில்லை. ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளை எழுதினான். வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா? இருக்கிறது, செய்தித்தாள்களின் வெப்சைட்டுகள் எல்லாம் திறக்கின்றன. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் இணைப்பில் பார்த்தால் சித்தியின் வெப்சைட் திறக்கிறதா? இல்லை. அப்படியானால் கோளாறு வீட்டில் இல்லை, வெளியே இருக்கிறது. இன்னொரு முகவரியிலிருந்து அனுப்பும் கடிதம் வந்து சேர்கிறதா? இல்லை, உடனே திரும்புகிறது. திரும்பி வந்த கடிதம் என்ன சொல்கிறது?

பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். திரும்பி வரும் ஈ-மெயிலில் ஆங்கில எழுத்துக்களும் எண்களும் குப்பையாகக் குவிந்திருப்பதைப் பார்த்ததுமே அழித்துவிடுகிறார்கள். உண்மையில் தபால்காரர் உறைமேல் எழுதித் திருப்பும் காரணம்தான் அது. மூன்று இலக்க எண் 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பிய கம்ப்யூட்டர் நான்கைந்து நாட்கள் வரை தானே மறுபடி முயன்று பார்க்கும். 5-ல் தொடங்கினால் நிரந்தரத் தடை, மறுமுயற்சி கிடையாது. எண்ணை அடுத்து வரும் வரியில் காரணம் இருக்கும். அந்தப் பெயரில் ஆள் இல்லை, பெட்டி நிரம்பிவிட்டது, கடிதம் அளவுக்கு மீறிப் பெரிது - இப்படி ஏதாவது ஒன்று. சித்திக்கு எழுதிய கடிதம் சொன்ன காரணம் வேறு: அப்படி ஒரு ஊரே இல்லை.

"வீடு இருக்கு சித்தி. ஊர் பேர்தான் காணாமப் போச்சு" என்றான் அக்கா மகன்.

வாடகை வீட்டில் குடியிருந்த மும்பைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். இங்கே பெரும்பாலான வாடகை 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில்தான், பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு. முடியும்போது புதுப்பிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். வெப்சைட் வைத்திருப்பவர் இதுபோல் இரண்டு வாடகை கட்டுகிறார். ஒன்று இடத்துக்கு: பக்கங்களும் கடிதங்களும் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மூலை. அதற்குப் பெயர் ஹோஸ்டிங். இன்னொன்று பெயருக்கு: டொமைன். பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. 'வாங்கினேன்' என்று சொல்கிறோமே தவிர, வருடக் கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். இடத்து வாடகை பாக்கியில்லாமல் இருந்தாலும், பெயரின் குத்தகை முடிந்தால் வாசல் பலகை கழற்றப்படும். தபால்காரருக்கு வீடு தெரியாது.

இந்தப் பெயர்ப் பலகை ஏற்பாடு 1983-ல் வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் இணைக்கப்பட்டிருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக ஒற்றைப் பட்டியல் திணறியது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ், அதைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஊருக்கு ஊர் பொறுப்பை ஒப்படைக்கும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். என்ற மூன்றெழுத்து அதைத்தான் குறிக்கிறது. இந்தியத் தபால் துறை அதே மாதிரிக் குழப்பத்தை பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், பல எழுத்துக்கள். சமஸ்கிருத அறிஞரும் அதிகாரியுமான ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் உருவாக்கிய ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சென்னை ஆசிரியரின் கார்டு 400709 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. அந்த எண்ணுக்கு யாரும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டியதில்லை.

நான்காவது கேள்விக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. டொமைன் பதிவு விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் இப்போது பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. ஆனால் காலாவதித் தேதி தெரியும். குத்தகை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"பில்லு யாரு கட்டுறா சித்தி?"

அவருக்குத் தெரியவில்லை. ஏழு வருடங்களுக்கு முன் மாதுங்காவில் தெரிந்த ஒரு பையன் வெப்சைட்டை அமைத்துக் கொடுத்தான். டொமைனையும் அவனே பதிவு செய்தான் - தன் பெயரில், தன் ஈ-மெயில் முகவரியில், தன் மொபைல் எண்ணில். அதில் வஞ்சகம் இல்லை, அவசரம்தான். ஒவ்வொரு வருடமும் அவன் கேட்கும் பணத்தை இவர் அனுப்பிவிடுவார். மூன்று வருடங்களுக்கு முன் அவன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். போகும் முன் மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் போனது அவன் நல்ல குணம். அந்த மூன்று வருடம் இந்த ஜூலையில் முடிந்தது.

அறிவிப்பே வராமல் இருக்குமா? வந்திருக்கும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், பிறகு முடிந்த ஐந்து நாட்களுக்குள் இன்னொரு முறையும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது சர்வதேச விதி. எல்லாம் ஒழுங்காகத்தான் போயின - யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு.

இப்படி மறந்தவர்களில் இந்த மொழிபெயர்ப்பாளர் தனி ஆள் இல்லை. சபீர் பாட்டியா 1996-ல் தொடங்கிய ஹாட்மெயிலை மைக்ரோசாஃப்ட் அடுத்த ஆண்டே வாங்கியது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹாட்மெயில்காரர்கள் பலரால் தங்கள் பெட்டியைத் திறக்க முடியவில்லை. உள்ளே நுழையப் பயன்பட்ட 'பாஸ்போர்ட்' என்ற டொமைன் பெயரைப் புதுப்பிக்க அந்த ராட்சத நிறுவனம் மறந்திருந்தது. டென்னஸி மாநிலத்தில் ஒரு புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலரைக் கட்டிவிட்டார். வாசல் திறந்தது. கோளாறின் அளவுக்கும் பரிகாரத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

கோபர்கைரனேயிலும் பரிகாரம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். ஆனால் அதைக் கட்டுவதற்கே ஷார்ஜாவைப் பிடிக்க வேண்டியிருந்தது. பையன் பதறிப்போனான். "அக்கா, அந்த மெயிலை நான் பாத்தே ரெண்டு வருஷமாச்சு" என்றான். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. புதிய பாஸ்வேர்ட் கேட்டால், சரிபார்க்கும் எண் அவனுடைய பழைய மும்பை சிம்முக்குப் போகிறது. அந்த சிம் எப்போதோ ரத்தாகிவிட்டது. அடையாளச் சான்றுகளை அனுப்பி, பதிவு நிறுவனத்துக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. டாட் காம் பெயர் காலாவதியானால், பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் சில வாரம் - அதிகபட்சம் 45 நாட்கள் - பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்க விடும். அதன் பிறகு முப்பது நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு ஐந்து நாள். அதற்கு மேல் அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பவருக்கு வெப்சைட் முகவரி மட்டுமல்ல, அதற்கு வரும் கடிதங்களும் போய்ச் சேரும். வங்கியின் கடிதம்கூட. மொழிபெயர்ப்பாளர் அன்றிரவு தூங்காமல் இருந்தது இதை நினைத்துத்தான்.

வீட்டிலிருந்து சற்று தூரத்தில் தானே-பேலாப்பூர் சாலை. கோபர்கைரனேயில் திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி எழுந்தது அங்கேதான். மஹாபே, ரபாலே, ஐரோலி என்று அந்தச் சாலையையொட்டி டேட்டா சென்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருபுறம் வாஷி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களின் குடியிருப்புகள். மறுபுறம் நாட்டின் தகவல்களைக் குளிரூட்டிக் காக்கும் கட்டிடங்கள். "நம்ம மெயில் அங்கே இருக்குமோ?" என்று அவர் கேட்டார். இல்லை. அவர் வாடகை கட்டும் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

மும்பைக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. 1980-களின் பிற்பாதியில் ஜுஹுவில் இருந்த தேசிய சாஃப்ட்வேர் தொழில்நுட்ப மையமும் பவாய் ஐ.ஐ.டி.யும் தங்களுக்குள் ஈ-மெயில் அனுப்பத் தொடங்கின. அந்த மையத்துக்குத் தலைமை வகித்தவர் ஸ்ரீநிவாசன் ரமணி. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். தொடக்கத்தில் இணைப்புக் கிடைக்காமல் சந்தாதாரர்கள் கொதித்தார்கள். அப்போதைய தலைவர் பி.கே. சிங்கல், தவறு நேர்ந்துவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இந்தியாவுக்கான 'டாட் இன்' பெயர்களைப் பதிவு செய்யும் வேலை நெடுநாள் அந்த ஜுஹு மையத்தின் கையில்தான் இருந்தது. கட்டுப்பாடுகள் அதிகம். 2005-ல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று ஐந்து நிமிடத்தில் பெயர் கிடைக்கிறது. யார் பெயரில் கிடைக்கிறது என்று பார்க்க அந்த ஐந்து நிமிடம் போதவில்லை.

ஆறாவது நாள் பதிவு நிறுவனம் வழிவிட்டது. பையன் ஷார்ஜாவிலிருந்து பணத்தைக் கட்டினான். மறுநாள் காலை செம்பூரில் வெப்சைட் திறந்தது. கோபர்கைரனேயில் திறக்கவில்லை. இது கோளாறு இல்லை. கம்ப்யூட்டர்கள் ஒருமுறை கேட்டறிந்த பதிலைக் கொஞ்ச நேரம் மனப்பாடமாக வைத்திருக்கும். 'அப்படி ஊர் இல்லை' என்ற பழைய பதில் மறக்க சில மணி நேரம், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து எதையெதையோ மாற்றி, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். "ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தணும் சித்தி. மாத்தினதை எழுதி வைக்கணும்" என்றான் அக்கா மகன்.

பெயர் வந்த பிறகும் கதை முடியவில்லை. ஆசிரியருக்கு அனுப்பிய பதில் போய்ச் சேரவில்லை என்று சென்னையிலிருந்து போன். தேடியதில், வேண்டாத விளம்பரங்கள் விழும் 'ஸ்பேம்' பெட்டியில் கிடந்தது. ஈ-மெயிலில் அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் எழுதலாம். 1982-ல் வகுக்கப்பட்ட விதிகளில் அதைச் சரிபார்க்க வழி இல்லை. அன்று இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். இன்று அப்படியில்லை. அதனால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று இரண்டு ஏற்பாடுகள் வந்துள்ளன. முதலாவது, 'என் பெயரில் கடிதம் கொண்டுவரும் ஆட்கள் இவர்கள் மட்டுமே' என்று சொசைட்டி வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கும் பட்டியல். இரண்டாவது, உறையின்மேல் வைக்கும் அரக்கு முத்திரை. ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எந்த டொமைனுக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் நிபந்தனை விதித்துள்ளது. ஏழு வருடங்களுக்கு முன் அமைத்த அவர் டொமைனில் இரண்டுமே இல்லை. சேர்க்க அரை மணி நேரம் ஆனது.

அடுத்தது அளவு. மாதிரி அத்தியாயத்தோடு மூலப் பக்கங்களின் படங்களையும் சேர்த்தபோது 21 எம்.பி. ஆயிற்று. ஜிமெயில் எல்லை 25 என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பியது. இணைப்புகள் பயணத்துக்காக எழுத்துக்களாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும், 21 என்பது 28 ஆகிவிடும். படங்களை இரண்டாகப் பிரித்து அனுப்பினார். போயிற்று.

கடைசியாக சென்னையிலிருந்து ஒப்பந்தம் வந்தது. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, புரியாத ஐரோப்பியக் குறிகள். இதற்கு மட்டும் அவருக்கு அக்கா மகன் தேவைப்படவில்லை. தமிழ் யூனிகோடில் 1991-லேயே இடம்பெற்றுவிட்டாலும், அச்சகங்கள் ஆளுக்கொரு எழுத்துரு முறையில்தான் வெகுகாலம் தட்டச்சு செய்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு அதை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய கோப்புகள் மட்டும் பழையபடியே இருக்கின்றன. கடிதம் கெடவில்லை, படிக்கும் கண்ணாடிதான் வேறு. எந்த எழுத்துரு என்று கேட்டு, மாற்றி, படித்து, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு சம்மதம் அனுப்பினார். நாவல் பிழைத்தது.

மருந்துத் தாள்கள் பிழைக்கவில்லை. அந்தேரி ஏஜென்சியின் கம்ப்யூட்டர், இரண்டு முறை கடிதம் திரும்பிய முகவரியைத் தானாகவே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "மறுபடி விண்ணப்பிங்க மேடம், வரிசையில வெக்கிறோம்" என்றார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாட்களில் திரும்பிப்போன மற்ற கடிதங்கள் எத்தனை, யாருடையவை என்பதை இனி அறிய வழியில்லை. பெயர் திரும்பி வரும், கடிதங்கள் வராது.

வீட்டில் ஒரு பச்சை நிற ஃபைல் இருக்கிறது. மின்சார பில், சொத்து வரி ரசீது, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் அதில். மும்பையில் வீடு பார்த்தவர்கள் காகிதத்தில் ஏமாற மாட்டார்கள். ஒப்பந்தம் யார் பெயரில், எந்தத் தேதிவரை என்று கேட்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். அவரும் கொடுத்ததில்லை. தன் பெயரையே வாடகைக்கு எடுத்தபோது மட்டும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஃபைலில் ஒரு தாள் கூடியிருக்கிறது. டொமைன் யார் பெயரில்: அவர் பெயரில். பதிவு நிறுவனம் எது, ஹோஸ்டிங் எது, எந்தத் தேதி, நினைவூட்டல் எந்த முகவரிக்கு. அந்த முகவரி இதே டொமைனில் இருக்கக் கூடாது என்று அக்கா மகன் அடிக்கோடிட்டிருக்கிறான். வீடு பூட்டிக்கொண்டால் சாவி உள்ளே இருக்கக் கூடாதல்லவா? கீழே இன்னொரு வரி: 'பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் கடிதம் எதையும் அழுத்தாதே. தாளின் ஒரு பிரதி அவர் கணவரிடமும் இருக்கிறது.

நாவல் ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பாளரின் முகவரி என்ற இடத்தில் ஈ-மெயிலை எழுதினார். அதன் கீழே, கேட்கப்படாத போதும், செக்டர் எண்ணையும் வீட்டு எண்ணையும் 400709-ஐயும் எழுதிவைத்தார்.